ஏழு ஐந்து, நிற்கவில்லை

ரஞ்சினி காலையில் கிழிக்கும் நாட்காட்டித் தாளை எறிவதில்லை. வேதவசனம் அச்சிட்ட பக்கத்தைக் கவிழ்த்து, வெறும் பக்கத்தில் பென்சிலால் எழுதுவாள். ‘ஏழு ஐந்து, நின்றது.’ ‘ஏழு இருபத்தைந்து, நிற்கவில்லை. பிள்ளைகள் ஆறு பேர்.’ பக்கத்தில் பேருந்தின் இலக்கம். மாலையில் தாளைக் கம்பியில் குத்திவிடுவாள். கம்பி நிறைந்தால் பழைய பிஸ்கற் தகர ரின்னுக்குள் போகும். பதினொரு வருடமாக இதுதான் வழக்கம். எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டால் பென்சிலைத் தீட்டத் தொடங்கிவிடுவாள்.

அச்சுவேலியிலிருந்து கோப்பாய்ப் பக்கம் போகும் வீதியில், பேருந்துத் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே அவளுடைய தையல் அறை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று மெசினில் உட்கார்ந்தவள், ஐம்பத்து மூன்று வயது வரை எழும்பவேயில்லை எனலாம். தேவாலயத்திலும் அவளுக்கு வாய்தான் அசையும், பாட்டுக் கேட்காது. கண் மட்டும் சும்மா இருக்காது. மாதக் காசை முன்கூட்டியே கட்டிய சீசன் ரிக்கற் பிள்ளைகள் ஏறினால் கொண்டக்டரின் கையில் ஒன்றும் விழாது. ஆகவே வெள்ளைப் பள்ளிச் சட்டையைக் கண்டால் சாரதி வேகத்தைக் கூட்டுவான். “சீசன் எல்லாம் பின்னால வாற பஸ்ஸில வாங்கோ” என்று மிதிபலகையில் நிற்பவன் கத்திக்கொண்டு போவான். பின்னால் வருகிறவனும் அதையே கத்துவான்.

போன வருடம் ஊர் நிருபராக இருந்தவர் கனடாவுக்குப் போய்விட, வாரப் பத்திரிகையில் ஆள் தேவை என்று போட்டிருந்தார்கள். ரஞ்சினி ஒரு மரநடுகை விழாவை எழுதித் தபாலில் அனுப்பினாள். ஆசிரியர் ஜெபநேசன் அவளைவிடப் பத்து வயது இளையவர். கூப்பிட்டுக் கேட்டார்.

“என்ன படிச்சனீங்கள் அக்கா?”

“எட்டு, சேர்.”

“பறவாயில்லை. இஞ்சை பட்டம் முடிச்ச ரண்டு பேர் இருக்கினம். விழா எத்தினை மணிக்குத் தொடங்கினது எண்டு கேட்டால், பிரதம விருந்தினர் வந்த பிறகு எண்டு சொல்லுகினம். நீங்கள் மணி போட்டிருக்கிறியள்.”

இப்படித்தான் அவள் நிருபரானாள். விளையாட்டுப் போட்டி, வாசிகசாலை ஆண்டு விழா என்று சில மாதங்கள் போயின. பிறகு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பொதுப் பரீட்சையான சாதாரண தரம் வந்தது.

கணித பாடத்தன்று பரீட்சை எழுதவிருந்த பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை தனுஷா ஏழு மணிக்கே தரிப்பிடத்துக்கு வந்துவிட்டாள். தாய் நிரோஜினி விடியவே வெங்காயத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். ஏழு ஐந்து நிற்கவில்லை. ரஞ்சினி எழுதினாள். ஏழு இருபத்தைந்தும் நிற்கவில்லை. அதையும் எழுதினாள். ஏழு ஐம்பது வந்தபோது பிள்ளை வீதியில் இறங்கி இரண்டு கையையும் காட்டினாள். சாரதி அவளை விலத்தி, பேருந்தை வெட்டி எடுத்துக்கொண்டு போனான். தன் கையில் இன்னும் பென்சில் இருப்பதை ரஞ்சினி அப்போதுதான் கண்டாள். அதை வீசிவிட்டு வீதிக்கு ஓடி, முதலில் வந்த வாகனத்தை மறித்தாள். அது வெங்காய மூட்டை ஏற்றிய பெட்டியை இழுத்து வந்த லான்ட்மாஸ்ரர். பிள்ளையை மூட்டைக்கு மேல் ஏற்றிவிட்டாள். உழுகிற இயந்திரம் எவ்வளவு வேகமாக ஓடும்? நகரத்துப் பரீட்சை மண்டப வாசலில் இறங்கும்போது ஒன்பது ஐந்து. எட்டரைப் பரீட்சைக்கு ஒன்பது மணிவரைதான் உள்ளே விடுவார்கள்; பிள்ளை வாசலோடு திரும்பினாள்.

அன்றே ரஞ்சினி எல்லாவற்றையும் பத்திரிகைக்கு எழுதினாள். ஆனால் நிரோஜினி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, பிள்ளையின்ரை பேர் போடாதேங்கோ. குமர்ப்பிள்ளை. நாளைக்குக் கலியாணம் பேச வாறவை, பேப்பரிலை வந்தவளோ எண்டுதான் கேப்பினம்.”

ரஞ்சினிக்கும் ஊர் தெரியும். பெயரை வெட்டினாள். பத்திரிகை அலுவலகத்தில் ஜெபநேசன் நேரத்தையும் இலக்கத்தையும் வெட்டினார். மிஞ்சியது நாலு வரியும் ஒரு தலைப்பும்: ‘மாணவர்கள் அவதி! உரிய அதிகாரிகள் கவனிப்பார்களா?’

அதிகாரிகள் கவனித்தார்கள். அடுத்த வாரம் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. விசாரித்ததில் அப்படி ஒரு மாணவி இல்லையாம். ஆதாரமற்ற செய்திக்கு வருந்துகிறோம்.

மறுநாள் காலை தையல் அறையைக் கடக்கும்போது ஏழு ஐந்து மெதுவானது. நிற்பதற்கு அல்ல. கொண்டக்டர் தலையை வெளியே நீட்டினான்.

“என்ன நிருபரம்மா, இண்டைக்கும் ஆதாரம் இல்லையோ?”

உள்ளே சிரித்தார்கள். அவள் தைத்துக் கொடுத்த சட்டையோடு இருந்தவர்களும் சிரித்தார்கள்.

ரஞ்சினி மெசினை மூடினாள். ரின்னைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள்.

“தம்பி,” என்றாள் ஜெபநேசனிடம். சேர் என்ற சொல் வரவில்லை. “உந்தப் பெட்டியை ஆர் எழுதினது?”

“முதல்லை இருங்கோ அக்கா. பஸ்காரர் வழக்குப் போடுவம் எண்டு வெருட்டினவை.”

“இல்லாத பிள்ளையை நான்தான் மூட்டைக்கு மேலை ஏத்தினனான். நீங்கள் ஆரைக் கேட்டு வருந்தினனீங்கள்?”

அவள் ரின்னை மேசையில் கவிழ்த்தாள். தாள்கள் அவருடைய தேநீர்க் கோப்பையைச் சுற்றிக் குவிந்தன.

“திகதி இருக்கு, நேரம் இருக்கு, நம்பர் இருக்கு. பதினொரு வருசம்.”

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். “பிள்ளையின்ரை பேர் இல்லாமல் என்னெண்டு அக்கா போடுறது?”

“அது வராது. தாய்க்கு வாக்குக் குடுத்திட்டன். என்ரை பேரைப் போடுங்கோ. ஊர் நிருபர் எண்டு இல்லை, முழுப்பேரும் விலாசமும். வழக்கெண்டால் எனக்குப் போடட்டும். என்னைக் கலியாணம் பேசவோ வரப்போகினம்?”

அவர் சிரிக்கத் தொடங்கி, அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

கடைசி ஒரு வருடத் தாள்கள் மட்டுமே ஒரு முழுப் பக்கத்தை நிறைத்தன. கவனிப்பார்களா என்ற கேள்வி இல்லை. மேலே ரஞ்சினியின் பெயர் இருந்தது. தன் பெயரை அச்சில் பார்த்தபோது அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தும் அந்தப் பக்கத்தைத் தையல் அறைக் கதவில் வீதியைப் பார்க்க ஒட்டினாள். வழக்கு வரவில்லை. ஓர் அதிகாரி வந்து, மூன்று நாள் காலையில் தரிப்பிடத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

இப்போது ஏழு ஐந்து நிற்கிறது. ஏழு இருபத்தைந்து சில நாள் நிற்கும். பள்ளி விட்டு வரும் பேருந்து நிற்பதில்லை. வருந்துகிறோம் என்று போட்டதற்கு யாரும் இன்னும் வருந்தவில்லை. தனுஷா அடுத்த முறை கணிதம் எழுதப் போகிறாள். ரஞ்சினிக்குக் கோபம் ஆறவில்லை. தாளைக் கவிழ்த்து, தினமும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.