ஒரு ஆள் குறையுது

நான் பிழைக்க வந்த வளைகுடா நகரத்துத் தேராவில் ஒருவர் காலை வணக்கம் சொன்னால் அதை அப்படியே திருப்பிக் கொடுக்கக் கூடாது. அவர் "சபாஹுல் கைர்", நல்ல காலை என்பார். நீங்கள் "சபாஹுன் நூர்", ஒளி நிறைந்த காலை என்று ஒரு பிடி கூட்டித் தரவேண்டும். அண்ணனைக் காக்கா என்னும் எங்கள் ஊரில், "என்ன காக்கா, கடை தொறந்தாச்சா?" என்று கேட்பவனுக்குத் திறந்த கடைக்குள் நின்றபடியே "இப்பத்தான்" என்று சொல்லிப் பழகிய எனக்கு, இது வெகுநாள் கூச்சமாக இருந்தது. கூச்சத்தைப் போக்கியவர் நயீம். மசாலாச் சந்தில் எங்கள் ஏலக்காய்க் கடைக்கு எதிர் மாடியில் அலுவலகம் வைத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். குடும்பம் பக்தாத், வளர்ந்தது லண்டன். யூதர். இப்போது அந்த மாடிக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. நான் ஷட்டரைத் தூக்கும்போது வாய் தானாக "சபாஹுன்" வரை வந்து நின்றுவிடுகிறது.

நான் பிறந்த கடற்கரை ஊரில் யூதரை எவரும் கண்டதில்லை. ஆனாலும் அந்தச் சொல் எங்களிடம் வசவாக இருந்தது. காணாத மனிதனைத் திட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு, அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். காசாவில் குழந்தைகளை வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கும் படங்கள் போனுக்கு வரத் தொடங்கியதும் அந்த வசவோடு கண்ணீரும் சேர்ந்துகொண்டது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை, நானும் அழுதவன்தான். ஆனால் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படங்களின் வாலைப் பிடித்துக்கொண்டு வேறு சரக்கும் வந்தது. உலகத்தின் எல்லாக் கேட்டுக்கும் ஒரே இனம்தான் காரணம், அவர்கள் ரத்தமே அப்படி என்று. ஊர் ஜமாத்தில் பெரிய ஆளான ஹனிபா மாமா தவறாமல் அனுப்புவார். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன் மாமா" என்று எழுதிப் பார்த்தேன். எதிர் மாடிக்காரர் எய்தவரும் இல்லை, அம்பும் இல்லை, ஏலக்காய் வாங்கி விற்கிறவர். மாமாவின் பதில் குரலில் வந்தது. "ஆடு பகை, குட்டி உறவாடா? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்." சோற்றுக்குச் சரி. மனிதர்களை ஒரே பானையில் போட்டு வேகவைத்தது யார்?

இந்த நாட்டில் இப்படிப்பட்ட பேச்சுக்குச் சட்டம் கடுமையானது. ஆனால் புகார் கொடுத்தால் ஊரில் இருக்கும் மாமாவுக்கு ஒன்றும் ஆகாது. அதை வாங்கி இங்கே நாலு பேருக்குத் தள்ளிவிடும் எங்கள் ரூம் ஆட்கள்தான் வேலை போய் விமானம் ஏறுவார்கள். "நம்ம ஊட்டு அழுக்க நாமதான் வெளுக்கணும் மச்சான்" என்றார் எங்கள் மெஸ்ஸின் சமையல்காரர் காதர். மெஸ்ஸில் சிலர் சேர்ந்தோம். வெறுப்பு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் பொறுமையாகக் குரல் பதிவு போடுவது என்று முடிவு. கேட்டவர் குறைவு. "காதுல சொன்னா ஏறாது, ஒரே சஹன்ல கைய வச்சாத்தான் ஏறும்" என்று நயீமை நோன்பு திறக்க அழைக்கச் சொன்னதும் காதர்தான்.

சஹன் என்பது எங்கள் ஊர் விருந்துத் தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துண்ண வேண்டும். நாலு பேர் சேராமல் மூடியைத் திறப்பதில்லை. அதனால் விருந்தில் "ஒரு ஆள் குறையுது, ஒரு ஆள்" என்று கூவிக்கொண்டே இருப்பார்கள். அன்று காதர் அப்படிக் கூவ, வாசலில் நின்ற நயீமை நான் கைபிடித்து உட்காரவைத்தேன். பாங்கு ஒலித்தது. எங்களோடு பேரீச்சம்பழம் எடுத்தார். ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றார். கை மட்டும் சோற்றுக்குப் போகவில்லை.

"கறி பஞ்சாட்டம் வெந்திருக்கு, எடுக்கச் சொல்லுங்க" என்றார் காதர். என் கடை அரபியில் சொன்னேன். அவர் நெஞ்சில் கைவைத்து, வயிறு நிறைந்துவிட்டது, இறைவனுக்கே புகழ் என்றார்.

பகலெல்லாம் பட்டினி கிடந்தவர்கள் நடுவில் அந்தச் சொல் விழுந்தது. எங்கள் சஹனில் இருந்த அன்சாரி, "ஒரு பழத்துல வயிறு ரொம்பிருச்சாம். கொடுத்து வச்ச வயிறு" என்றான். சிரித்தார்கள். நல்ல சிரிப்பில்லை அது. மூன்று பக்கம் குழிந்த சோறு, நாலாவது பக்கத்தில் மட்டும் சுவர்போல நின்றது.

மறுநாள் நயீம் கடைக்கு வந்தார். "உங்கள் கறியில் குறையில்லை. எங்கள் மார்க்கத்தில் எங்கள் ஆள்தான் அறுக்க வேண்டும், பாத்திரமும் தனி. சமைத்தவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வேன்?" பன்றி இல்லை, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தது, பிறகென்ன என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். இதில் எனக்கு ஆறாத வேதனை ஒன்று உண்டு. ஊரில் மாற்று மதத்து நண்பர் வீட்டுக் கல்யாணத்தில், ஹலால் இல்லை என்று சொல்லக் கூசி, "வயிறு சரியில்ல" என்று வாழைப்பழத்தோடு எழுந்துவந்தவர்கள்தான் நாங்கள். அதே வாழைப்பழம் அவர் கையில் இருந்தபோது ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அதற்குள் நயீம் கைவைக்காத சஹனின் படம் ஊர்க் குழுவுக்குப் போய்விட்டிருந்தது. எங்களில் யாரோ எடுத்தது. நோன்பாளிகளோடு உட்கார்ந்து நம் சோற்றை அருவருக்கிறான் என்று அடியில் எழுத்து. நானும் காதரும் தொண்டை வறள விளக்கிப் பதிவு போட்டோம். குழுவிலிருந்து எங்கள் இருவரையும் நீக்கினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை என்ன செய்வது? சந்தில் நயீமின் மூட்டைகளைத் தள்ள வண்டிக்காரர்களுக்கு நேரமில்லாமல் போனது. கபட்டேரியாவிலிருந்து மாடிக்கு டீ போவது நின்றது. காதர் தானே காகிதக் கோப்பையில் பால் சேர்க்காத டீ கொண்டுபோனார். நயீம் குடித்தார்.

"பக்தாதை விட்ட என் தகப்பனார் சொல்வார்," என்றார் என்னிடம், "கல் விழும்வரை காத்திருக்காதே, டீ வருவது நின்றால் பெட்டியைக் கட்டு என்று."

"காதர் கொண்டாந்தாரே" என்றேன்.

"அதனால்தான் அழுகை வருகிறது."

அந்த வாரமே போய்விட்டார்.

லீவில் ஊருக்குப் போனபோது ஒரு நிக்காஹ் விருந்து. என் சஹனில் மூன்று பேர். "ஒரு ஆள் குறையுது, ஒரு ஆள்" என்று பையன்கள் கூவினார்கள். ஹனிபா மாமா வந்தார், என்னைப் பார்த்தார். "காக்காவுக்குக் கூட்டாளி தேராவுல இருந்து வரணுமே" என்று சொல்லி வேறு சஹனுக்கு நகர்ந்தார். பக்கத்திலிருந்த இருவரும் தலை நிமிரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் குறையுது, ஒரு ஆள் என்று குரல் பந்தலைச் சுற்றிக்கொண்டே இருந்தது. மூடி திறக்காத தட்டின் முன்னால், குறைகிற அந்த ஆள் நான்தானோ என்று உட்கார்ந்திருந்தேன்.