யாருக்குத் தருவது

வடிவாம்பாளின் சிறுநீரக ஸ்கேனில் எதுவும் இல்லை. நாற்பத்துமூன்று வயதில் ஒரு நீர்க்கட்டிகூட இல்லையென்றால் இனி பயமில்லை என்றார் டாக்டர். கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவள், அந்தத் தாளை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள். வெளியே பெஞ்சில் நோயாளிகளான அண்ணனும் தங்கையும் காத்திருந்தார்கள். எதையோ திருடிக்கொண்டு வெளியே வருவதுபோல் இருந்தது அவளுக்கு.

அப்பா ஐம்பதைத் தாண்டவில்லை. வயிறு உப்பி, முகம் வீங்கிச் செத்தார். கடலோரத்து உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அண்ணன் தெட்சிணாமூர்த்தி அதற்குப் பயந்தே கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நடவு நேரத்தில் சிறுநீரில் இரத்தம் போய் அவர் படுத்த பிறகுதான், இது தண்ணீரால் வந்ததல்ல, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் நோய், அப்பாவிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண் பெண் என்று பார்க்காது என்றார் டாக்டர். அடுத்த வருஷமே தங்கை மங்கையர்க்கரசியின் சிறுநீரகமும் நின்றுபோனது. அவளுக்கு வயது முப்பத்தெட்டு. அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் சின்னவர்கள். வாரத்தில் மூன்று நாள் அண்ணனும் தங்கையும் ஒரே ஆட்டோவில் டயாலிசிஸுக்குப் போய்வந்தார்கள்.

மூவருக்கும் ஒரே இரத்த வகை. வடிவாம்பாளால் கொடுக்க முடிந்தது ஒரே ஒரு சிறுநீரகம்.

இருவருமே கேட்கவில்லை. அதுதான் அவளை அரித்தது. அப்பா போனபின் படிப்பை நிறுத்திவிட்டு வயலில் இறங்கி, தங்கைகள் இருவரையும் கரையேற்றியவர் அண்ணன். மூன்று மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் தங்கைக்கு என்று முடிவுசெய்து, அதைச் சொல்ல அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அவர் தன் வீங்கிய காலைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"எனக்குத்தான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன், வடிவு. சரி விடு. அது சின்னவ."

புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. மங்கையர்க்கரசி தேறினாள். அண்ணன் அதன்பிறகு தங்கைகள் வீட்டுப் படியேறவில்லை. இரண்டாவது வருஷம் ஐப்பசி மழையில், டயாலிசிஸில் இருந்தபோதே அவருக்கு இதயம் நின்றது.

கருமாதி முடிந்ததும், அண்ணன் மகள் உமாமகேஸ்வரிக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று வடிவாம்பாள் மெல்லச் சொல்லிப்பார்த்தாள். பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது, வரன் வந்துகொண்டிருந்தது. அண்ணி சொர்ணாம்பாள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"பாத்து என்ன ஆவப்போவுது? குடுக்க ஒங்கிட்ட இன்னொண்ணு இருக்கா?"

வடிவாம்பாள் எழுந்து வந்துவிட்டாள்.

மாதம் ஒன்று கழிந்தது. ஒருநாள் காலையில் உமாமகேஸ்வரி தானாகவே அலுவலகத்துக்கு வந்து, "போவலாம் அத்தை, அம்மாட்ட சொல்லல" என்றாள். இருவரும் நாகப்பட்டினம் போனார்கள். இரண்டு பக்கமும் நீர்க்கட்டிகள் இருந்தன. இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. இந்த வயதிலேயே தெரிந்தது நல்லது, மாத்திரையை விடாமல் போட்டு அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் பல வருஷம் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். அண்ணனுக்கு அப்படிச் சொல்ல அன்று யாரும் இருக்கவில்லை.

பஸ்ஸில் அந்தப் பெண் அழவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க அத்தை. நான் அவங்ககிட்ட சொல்லிடுவேன்."

வடிவாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் விஷயத்தைக் கேட்டதும் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.