ஆற்றோரத்து மனையும் சாலம்மாளின் பச்சைப் புடவையும்

சாலம்மாளுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்தி சிவக்கும் என்று மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. வெள்ளைக்கல் எப்படிச் சிவக்கும் என்று கேட்பவர்கள், அந்த ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் கோகுல்ராஜ் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆற்றின் மேல்பக்கத்து ஊரில், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாகச் சமைப்பவள் சாலம்மாள். அந்த இருபத்தாறு வருஷத்தில் பதினோரு வாடகை வீடு மாறிவிட்டாள். ஒரு வீட்டுக்காரி சாலம்மாள் தூக்கும் குடத்தை எண்ணினாள். இன்னொருத்தி கருவாட்டு வாசனைக்கு மயங்கி விழுவதுபோல் நடித்தாள். இப்போது இருக்கும் வீட்டில், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சட்டம். புருஷன் படம் நாலு வருஷமாக அரிசி டின்மேல் சாய்ந்து நிற்கிறது. அரிசி எடுக்கும்போதெல்லாம் அவரைத் தூக்கி வைத்து, எடுத்த பிறகு திருப்பி வைக்க வேண்டும். உயிரோடு இருந்தபோதுகூட அவரை அத்தனை தடவை எழுப்பியதில்லை.

ஆகவே சாலம்மாள் ஒரு ஆணி வாங்கினாள். நாலு அங்குல ஆணி. அதைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். ஆணி கிடைத்துவிட்டது, இனி சுவர்தான் வேண்டும்.

சுவருக்கு இடம் காட்டியவன் கோகுல்ராஜ். பள்ளிக்கூடத்திலிருந்து நாலு மைல் கீழே, ஆறு வளைகிற இடத்தில், மஞ்சளும் வெள்ளையும் பூசிய கல் நட்டு, 'ரிவர் வியூ நகர்' என்று ஆர்ச் எழுப்பியிருந்தான். ஆறோ அப்போது முழங்கால் தண்ணீரில், ஆட்டுக்குட்டி தாண்டுகிற அளவுக்குச் சாதுவாகக் கிடந்தது.

சாலம்மாள் ஏமாறுகிற ஆள் இல்லை. பட்டாவைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாள். மனையின் போர் தண்ணீரை ரெண்டு பாட்டிலில் பிடித்துப்போய்த் துவரம்பருப்பு வேகவைத்தாள். பருப்பு பூவாய் வெந்தது. அதோடும் விடாமல், அதே போரில் தண்ணீர் குடிக்கிற, பக்கத்து மேட்டுத்தெருப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஈ காட்டச் சொன்னாள். தண்ணீரில் கோளாறு இருந்தால் பல்லில் மஞ்சள் ஏறிவிடும் என்று எங்கள் ஜில்லாக்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எல்லாப் பல்லும் வெள்ளை.

மிச்சம் இருந்தது மனையின் ஓரத்துப் புங்கமரம். அதன் கிளையெல்லாம் நைந்த துணிகள் தொங்கின. அடிமரத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது.

"இதென்ன தம்பி, மரம் பூராத் துணி?"

"ஆத்தோரத்து அம்மனுங்க அக்கா. சக்தி ஜாஸ்தி. வேண்டிக்கிட்டுத் துணி கட்டுவாங்க."

"இத்தனை உசரத்துலயா?"

கோகுல்ராஜ் கண் சிமிட்டக்கூட இல்லை. "வேண்டுதல் பெருசுன்னா உசரத்துல கட்டணுமுங்க. புள்ள வரம்னா கீழ. வூடுன்னா மேல."

பருப்பு வேகவைத்துப் பார்த்தவள், பல்லைப் பார்த்தவள், இந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி என்றால் எப்படிங்க வேகவைத்துப் பார்ப்பது? மூன்று வாரம், மூன்று ஞாயிறு, வந்து கும்பிட்டாள். மூன்றாம் ஞாயிறு தன் உதவியாள் குள்ளம்மாளையும் கூட்டிக்கொண்டு, மஞ்சள் துணியோடு வந்தாள். மறுநாள் திங்கட்கிழமை பாலக்கோட்டில் கிரயம். இருபத்தாறு வருஷத்துச் சேமிப்பு அத்தனையும், மகள் மேனகாவின் நகையும் அந்த ஒரு கையெழுத்தில் போகப்போகிறது.

கை எட்டவில்லை. ஆர்வத்தில் கோகுல்ராஜே தன் காரை மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பானெட்டு மேல ஏறிக் கட்டுங்கக்கா! உங்க வேண்டுதலு எல்லாத்துக்கும் மேல இருக்கணும்."

ஏறினாள். கையை உயர்த்தினாள். காற்று அடித்தது. சாணி நிறத்தில் தொங்கிய ஒரு துணி திரும்பிக்கொண்டு முந்தானையைக் காட்டியது. முந்தானையில் ஒரு ஒட்டு. உள்ளங்கை அகலம், நீலக் கட்டம், பள்ளிக்கூடச் சீருடைத் துணி.

சாலம்மாள் துணியைக் கசக்கினாள். சேறு உதிர்ந்தது. உள்ளே பச்சை.

"குள்ளு, இங்க பாரு. இந்த ஒட்டு யாரு போட்டது?"

குள்ளம்மாள் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள். "ஐயோ, நீங்கதானக்கா! மேனகா மொத சம்பளத்துல எடுத்துக் குடுத்த பச்சை. அடுப்புப் பொறி பட்டு ஓட்டையாச்சேன்னு ஒட்டுப் போட்டீங்க. வெள்ளத்துல போன அன்னிக்கு அழுதழுது சாம்பாருக்கு உப்பே போடலியே!"

மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசியில், அணையைத் திறந்துவிட்ட நாள் அது. பாறைமேல் காயப்போட்ட புடவையை ஆறு அடித்துக்கொண்டு போனது. அந்த வெள்ளத்தில் ஓர் எருமை நின்றபடியே மிதந்துபோய், அடுத்த ஊரில் கரையேறி, யாரும் கேட்காமலே பால் கொடுத்தது என்பார்கள். எருமைக்கதை எப்படியோ போகட்டும், புடவை இதோ இருக்கிறது.

சாலம்மாள் பானெட்டின்மேல் நின்றபடி சுற்றிப் பார்த்தாள். நட்ட கல்லெல்லாம் காலடியில் கிடந்தன. சரிவில் தாழ நின்ற ஆர்ச்சின் உச்சி அவள் தோளுக்குக் கீழே இருந்தது. புடவை அவள் தலைக்கு மேலே. மேட்டுத்தெரு ஏன் மேட்டில் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"ஏன்டா, தண்ணி இதுக்கு மேல போயிருக்குது. இங்க வூடு கட்டி நான் மீனா வளக்கறது? நானே மீனாயிடறதா?"

"அக்கா, வேற யாரோ புடவையா இருக்கும்ங்க..."

"எம் ஒட்டு எனக்குத் தெரியாதா?"

கோகுல்ராஜ் சட்டென்று மரத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினான். "அப்பச் சரிங்க, உங்க புடவையே. பாத்தீங்களா, அம்மன் உங்களுக்கு முன்னாடியே உங்க புடவைய இங்க வரவெச்சிருக்குது!"

மூக்குத்தி சிவந்தது அப்போதுதான்.

"எந்த அம்மன்டா? மஞ்சப் பூசுனவன் நீ! மூணு வாரமாச் செருப்பைக் கழட்டி வெச்சுட்டு எம் புடவையையே நான் கும்புட்டு நின்னிருக்கேன். வாய்க்குள்ள சிரிச்சுக்கினு சூடத்தட்டு நீட்டுனியே, அதுக்கு அஞ்சு ரூவா தட்சிணை வேற வாங்குனியே!"

"வில்லங்கம் பாத்தீங்களேக்கா... க்ளீனா இருந்துச்சே."

"ஆறு வந்து பத்திர ஆபீஸுல கைநாட்டு வெச்சுட்டுப் போவுமா? மரத்துல எழுதி வெச்சிருக்குது. அதுமேல நீ குங்குமம் அப்பியிருக்க!"

ஆர்ச்சுக்கு வெளியே ஓசூர் வண்டி ஒன்று வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை இடம் பார்க்க வரும் அடுத்த குடும்பம். கோகுல்ராஜின் குரல் தாழ்ந்தது.

"சத்தம் போடாதீங்கக்கா. உங்க புடவைதான, அவுத்து எடுத்துக்கினு போங்க. புதுசு ஒண்ணு நானே எடுத்துத் தரேன்."

"எடுக்க மாட்டேன். குள்ளு, ஒரு கல்லு குடு."

சுருக்குப்பையிலிருந்து அந்த ஆணியை எடுத்தாள். நீலக் கட்ட ஒட்டு வெளியே தெரியும்படி முந்தானையை விரித்து, புங்கமரத்தில் வைத்து, ஓங்கி ஓங்கி அடித்தாள். மரம் கெட்டி மரம். ஒவ்வொரு அடிக்கும் கோகுல்ராஜின் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது.

"வூட்டுக்குன்னு வெச்சிருந்த ஆணியாச்சேக்கா," என்றாள் குள்ளம்மாள்.

"இருக்கட்டும். இதைப் புடுங்கட்டும் பாக்கலாம். அடுத்த ஞாயித்துக்கெழம வருவேன், அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமயும் வருவேன்." பிறகு ஓசூர்க்காரர்களைப் பார்த்து, பள்ளிக்கூட மணிக்குப் போட்டியாக எழும் அந்தச் சத்துணவுக்கூடத்துக் குரலில் கூப்பிட்டாள்: "இங்க வாங்க சாமி, எம் புடவையப் பாத்துட்டு அப்புறம் இடத்தைப் பாருங்க!"

அவள் குதித்து இறங்கியபோது பானெட்டில் ஒரு பெரிய பள்ளம் விழுந்திருந்தது. கோகுல்ராஜ் ஓசூர்க்காரர்கள் கண்ணில் படாமல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.