எஸ்தர் கை வைக்கச் சொன்ன இடம்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, என் வீட்டுக்காரர் செத்துப் பிழைத்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள் ஆவேன்.

1993-ஆம் வருடக் கோடை. ஜூஜுவாடியில் லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கு ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், தண்ணீர் மோட்டார் ஓடவில்லையே என்று ஈரக் காலோடு போய் சுவிட்சைத் தொட்டார். கரண்ட் தூக்கி எறிந்தது. கண் செருகிவிட்டது. மூச்சு இல்லை. "இயேசப்பா, என் தாலியக் காப்பாத்துங்க" என்று அங்கேயே முழங்காலில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

லைன் வீட்டுச் சனம் கூடிவிட்டது. ஒருவர் அவர் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். எங்கள் பக்கத்தில் யார் விழுந்தாலும் இந்த இரண்டும்தான் வைத்தியம்.

அதற்குள் மெயினை அணைத்துவிட்டு ஓடிவந்தாள் என் மகள் எஸ்தர். ஆறாம் வகுப்பு. "சாவியும் வேணாம், சோடாவும் வேணாம். தள்ளுங்க!"

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவர் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் என்று எங்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கி, வாயில் ஊதிக் காட்டினார்கள். நான் பிரியாணி வரிசையில் நின்றேன். இவள் பொம்மையை விட்டு நகரவே இல்லை.

அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு, கைமேல் கை வைத்து அமுக்கினாள். ஒல்லிக்குச்சி உடம்பு. நெஞ்சு அமுங்கவே இல்லை. அது அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அழவில்லை. பக்கத்து வீட்டுக் கௌரம்மாவைப் பார்த்தாள். கன்னடக்காரம்மா, நல்ல ஆகிருதி.

"ஆண்ட்டி, எனக்கு வெயிட்டு பத்தல. நீங்க வாங்க. இங்க கை வைங்க. முழங்கைய மடக்காதீங்க."

"அய்யோ தேவரே! எலும்பு ஒடஞ்சிட்டா?"

"ஒடஞ்சா ஒட்டிக்கும். அமுக்குங்க ஆண்ட்டி!"

அடுத்து என் பக்கம் திரும்பினாள். "அம்மா, கண்ணத் தொறந்துகிட்டே ஜெபம் பண்ணு. மூக்கப் புடிச்சு வாயில ஊது!"

அத்தனை பேர் பார்க்க ஊதினேன். வெட்கமாவது ஒன்றாவது! எஸ்தர் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல சத்தமாக எண்ணினாள். கௌரம்மா கொஞ்சம் தளர்ந்தால் போதும், "களி கிண்டற மாதிரி இல்ல ஆண்ட்டி, நேரா கீழ!" என்று அதட்டினாள். நான் உள்ளுக்குள் "இயேசப்பா, இயேசப்பா" என்றபடியே ஊதினேன்.

திடீரென்று அவர் தொண்டையில் ஒரு இழுப்பு. பிறகு ஒரு மூச்சு. இன்னொன்று. ஸ்தோத்திரம்! நெடுஞ்சாலையில் போன டெம்போவை நிறுத்தி ஓசூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் வெளியே வந்து, "விலா எலும்புல விரிசல் இருக்கு. ஆனா அமுக்கலைன்னா ஆளே இல்ல. யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

"கை என்னுது டாக்டர், புத்தி இந்தப் பாப்பாவுது" என்றார் கௌரம்மா.

அன்றுவரை ஜெபத்துக்குப் பதில் வானத்திலிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தேன். நான் கூப்பிடுவதற்கு முன்னமே ஆண்டவர் என் பிள்ளையை அந்தப் பொம்மையின் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். இப்போது எங்கள் சபையில் கோடை வேதாகம வகுப்பில் பிள்ளைகள் தலையணையை அமுக்கிப் பழகுகிறார்கள். சின்னதுகளுக்குப் பலம் பத்தாதுதான். எங்கே அமுக்கணும், யாரைக் கூப்பிடணும் என்று சொல்ல வாய் இருக்கிறதே!

நன்றி ஆராதனைக்குக் கௌரம்மாவும் வாழைப்பழச் சீப்போடு வந்தார். "சாமுவேலண்ணா, எலும்ப ஒடச்சதுக்கு உங்க சாமி கோவிச்சுக்காதா?" என்று காதோடு கேட்டார். இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்கம்மா, வலிக்குது" என்றார்.

பிரியமானவர்களே, என்ன ஆபத்து வந்தாலும் அவரைக் கூப்பிடுங்கள். நிச்சயம் கேட்பார். ஒருவேளை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் குரலில் உங்களை அதட்டுவார். எழுந்து, சொன்னதைச் செய்யுங்கள்.