விஷத்தை யாராவது தொடுவாங்களா?

பீடோங் கடைத்தெருவில் இருக்கிறது ஊரார் 'ஒய்பி' என்று கூப்பிடும் நாடாளுமன்ற உறுப்பினர் சுகுமாரனின் சேவை மையம். அங்கே வருகிறவர்கள் சுவரில் தொங்கும் அவர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குணவதியிடம்தான் பேசுவார்கள். அடைத்த சாக்கடை, கிடைக்காத குடியுரிமை எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் பிடித்து, சட்டம் செய்கிறவர் முன்னால் உட்கார வைக்கிற வேலையையும் அவள் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அது யாரும் கொடுத்த வேலை அல்ல. எண்பது பக்கம் எழுதி அலமாரியில் பூட்டுகிற படிப்பு ஒரு பக்கம், ஒரு பக்கம்கூடப் படிக்காமல் கை தூக்குகிற அதிகாரம் இன்னொரு பக்கம். நடுவில் நசுங்குவது யார் என்று அவளுக்குத் தெரியும்.

மளிகைக் கடைக்காரர் மகள் அவள். படிப்பு முடிந்ததும் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். பழுதான கணினிச் சில்லைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தால் சரியாகாது, எங்கே பிசகியது என்று தேடினால்தான் சரியாகும். தொழிற்சாலைக்குப் பொருந்துவது ஊருக்கும் பொருந்தும் என்பது அவள் கட்சி.

பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் பெண்களுக்கு நகம் கழன்று விழுந்தது. சிலருக்கு மூக்கில் ரத்தம் வந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்பதால் ஒருவரும் அவர்களைச் சோதித்ததில்லை. கோயில் தலைவர் பரஞ்சோதி நாகதோஷம் என்று சொல்லிப் புற்றுக்குப் பால் ஊற்ற வைத்தார். அந்தப் பாலைப் பிள்ளைகள் குடித்திருந்தால் உடம்பிலாவது ஒட்டியிருக்கும்.

குணவதி, தொழிலாளர் உடல்நலம் பற்றி ஆராயும் டாக்டர் நோராய்னியை அழைத்து வந்தாள். சுகுமாரனும் வாக்குக் கொடுத்தார்: "டாக்டர் ஆதாரம் குடுக்கட்டும். ஒப்பந்த ஆளுங்களுக்கும் மருத்துவச் சோதனை கட்டாயம் வேணும்னு வர்ற நாடாளுமன்றக் கூட்டத்துலயே கேக்குறேன்."

நோராய்னிக்குத் தமிழ் தெரியாது. அவர் மலாயில் கேட்க, குணவதி தமிழில் திருப்பிக் கேட்டாள். வீடு வீடாகப் போய் எல்லாப் பெண்களிடமும் பேசி முடித்தார்கள்.

முடிவு அறிக்கையாக வெளிவந்த அன்று சுகுமாரன் அவளைக் கூப்பிட்டார்.

"என்னா குணா இது? முக்கால்வாசிப் பேரு விஷத்தத் தொட்டதே இல்லன்னு சொல்லியிருக்காங்க. இத வெச்சு நான் என்னத்தப் பேசுறது? எதிர்ல இருக்கறவன் சிரிப்பான் லா."

குணவதி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனாள். செம்பனை நிழலில், களைக்கொல்லி தெளிக்கும் மருதம்மாள் முதுகில் மாட்டியிருந்த தெளிப்புத் தோம்பை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் இல்லை.

"அக்கா, விஷத்தத் தொட்டதே இல்லன்னு ஏன் சொன்னீங்க?"

"இது என்னா கேள்வி? விஷத்த யாராவது தொடுவாங்களா? அது சாகப் போறவ குடிக்கறது."

"அப்ப தோம்புல இருக்கறது என்னா?"

"மருந்து."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். "கடக்காரர் மகளுக்கு மருந்துன்னா பனடோல் மாத்திரை மட்டுந்தான் போல!" என்றாள் ஒருத்தி.

குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை. நோராய்னி மலாயில் கேட்டது 'ராச்சுன்'. பள்ளிக்கூடத் தமிழில் அதை 'விஷம்' ஆக்கியது அவள்தான். தோட்டத்தில் அந்தச் சாமானுக்குப் பிறந்த நாள் முதல் மருந்து என்றுதான் பெயர். புல்லுக்கு மருந்து, பூச்சிக்கு மருந்து. யார் வைத்த பெயரோ, வைத்தவன் கெட்டிக்காரன். மருந்து என்று சொல்லிவிட்டால் கையுறை கேட்க யாருக்குத் தோன்றும்?

அன்றே நோராய்னிக்குப் போன் போட்டாள். "டாக்டர், தப்பு உங்க ஆராய்ச்சியில இல்ல. என் வாயில."

நோராய்னி கோபப்படவில்லை. ஆனால் சொன்னதை மாற்றி எழுத முடியாது, எல்லோரையும் மறுபடி கேட்க வேண்டும், முதலில் கேட்டது ஏன் தவறாகிப்போனது என்பதையும் புது அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றார்.

சுகுமாரனுக்குத்தான் பொறுக்கவில்லை. "மறுபடியுமா? இந்தக் கூட்டமே போயிரும் குணா! நகம் போனத நீயே பாத்திட்டல்ல, அது போதும். பெரும்பாலானவங்க பாதிக்கப்பட்டாங்கன்னு நான் அடிச்சு விட்டுர்றேன். கணக்கெல்லாம் எவன் கேக்கப் போறான்?"

"கேப்பாங்க ஒய்பி. மொத அறிக்கையத் தூக்கிக் காட்டுவாங்க. அப்ப நீங்க உக்காந்துருவீங்க. பொய்க்காரின்னு பேரு வாங்கறது அந்தப் பொம்பளைங்க."

"என்னை உக்கார வைக்கறதுலயே நீ இரு."

"நிக்க வைக்கத்தான் பாக்குறேன்."

அந்தக் கூட்டம் போய்த்தான் போயிற்று. பரஞ்சோதிக்குக் கொண்டாட்டம். "பாத்தீங்களா, படிச்சவங்களே கைய விரிச்சுட்டாங்க" என்று கோயிலில் பேசினார். குணவதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கே நோராய்னியை அழைத்துப் போனாள். இந்த முறை பெண்களை விட்டே கேள்விகளைச் சொல்ல வைத்துத் திருத்தினார்கள். 'மருந்தடிக்கிறீங்களா? கலக்குறது யாரு? கையில என்னா போட்டிருப்பீங்க?' ஒருத்தி பாக்கியில்லாமல் வாய் திறந்தார்கள். தெளிக்கிற வேலையில் இருந்த ஒவ்வொருத்தியும் அதை வெறுங்கையால் கலக்கியிருந்தாள்.

நோராய்னி எண்பது பக்கம் எழுதினார். குணவதி விடவில்லை. "எங்க ஒய்பி மூனு நிமிசம்தான் பேசுவாரு டாக்டர், ரெண்டு பக்கத்துக்கு மேல படிக்க மாட்டாரு" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். ரெண்டு பக்கம் வந்தது. சுகுமாரன் வரி வரியாகக் கேள்வி கேட்டார், நோராய்னி பொறுமையாகப் பதில் சொன்னார். அடுத்த கூட்டத்தில் சுகுமாரன் எழுந்தபோது எதிர்வரிசையில் முதல் அறிக்கையைத் தூக்கிக் காட்டத்தான் செய்தார்கள். அது ஏன் தவறாகிப்போனது என்று அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சிரிக்க யாருக்கும் இடம் கிடைக்கவில்லை.

பிறகு ஒரு நாள், இந்த விவகாரத்தை ஆராயும் நாடாளுமன்றக் குழுவின் செயலகத்திலிருந்து ஓர் அதிகாரி போன் செய்தார். ஆராய்ச்சியாளரை நேரில் விசாரிக்கக் குழு விரும்புகிறதாம்.

"டாக்டர் வருவாங்க. மருதம்மாளும் வருவாங்க" என்றாள் குணவதி.

"அவர் எந்தப் பல்கலைக்கழகம்?"

"தோட்டத்துல மருந்தடிக்கிறவங்க."

அதிகாரி காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆராய்ச்சியாளரை மட்டும்தான் குறித்திருக்கிறார்கள்."

"அப்ப சேர்த்துக் குறிங்க. ரெண்டு பேரும் இல்லாம விசாரணை முழுசாகாது. முடிவு சொல்ல வேண்டியவர் யாருன்னு சொல்லுங்க, அவர்கிட்டயே நான் பேசுறேன்."

அதிகாரி ஒரு பெயரையும் தொலைபேசி எண்ணையும் சொன்னார். குணவதி உடனே அந்த எண்ணை அழுத்தினாள்.