மீரான் வந்து போகும் கதைகள்

கதைகளை உளப்பகுப்பாய்வு செய்து பிழைக்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: பெரும்பாலும் எழுதியவர் எதிரில் இருக்கமாட்டார். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், சனிக்கிழமை பிற்பகல்களில் நான் நடத்தும் வகுப்புக்கு எழுதுகிறவர்களே வருகிறார்கள். மனம் ஒளித்து வைத்ததை எழுதுகிறவரின் கை அவருக்கே தெரியாமல் கதைக்குள் போட்டுவிடும், அதைத் தேடிப் பிடிப்பதுதான் பாடம். என்னைப் போலப் பிறர் கதையைக் கிளறிப் பார்க்கும் அன்பர்களே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்.

பூட்டிய அறை

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் தனியாக இருக்கும் சரோஜா அக்கா, தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவர் எழுதிய கதையில் ஒரு விதவை, வீட்டின் பூட்டிய அறைக்குள் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் உற்சாகமாக விளக்கினேன்: பூட்டிய அறை அவள் மனம், தண்ணீர் அவள் அழாமல் வைத்திருக்கும் அழுகை. எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மனசுன்னு சொன்னது சரிதான் டீச்சர். ஆனா எங்க வீட்டுப் பூட்டின ரூம்ல பைப்ப யாரு தொறக்குறாங்கன்னு சொல்லலையே?”

வாயில் வராத பேர்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர் ஜமால் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், கலகலப்பானவர். ஆனால் அவர் எழுதும் எந்தக் கதையிலும் மீரான் என்று ஒருவன் வந்துவிடுவான். பேருந்துக் கதையில் மீரான் ஏறுவான், அவன் இறங்கியதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். தாசேக் கெலுகோர் செம்பனைத் தோட்டத்துக் காதல் கதையில், தூரத்தில் ஒருவன் நடந்து போவான். காதலி யாரென்று கேட்பாள், காதலன் “மீரான்” என்பான். அதோடு சரி.

ஒரு நாள் அவரையே வாசிக்கச் சொன்னேன். பிரதி எங்கள் எல்லோர் கையிலும் இருந்தது. அந்தப் பேர் வந்த இடத்தை அவர் குரல் தாண்டிப் போனது. மறுபடி வாசிக்கச் சொன்னேன், மறுபடியும் தாண்டினார். எழுந்து போய் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “இங்க ஒன்னும் இல்லையே டீச்சர், சும்மா காலி இடந்தானே?”

உம்மாவின் கை

பேனாவால் வட்டம் போட்டுக் காட்டிய பிறகுதான் அவருக்கு அந்தப் பேர் தெரிந்தது. முகம் வேர்த்துவிட்டது. மீரான் என்று தனக்கு யாரையும் தெரியாது என்றார். மறந்து போன யாரோ எழுத்து வழியாகத் திரும்பி வருகிறார், சின்ன வயதில் இறந்த அண்ணனாக இருக்கலாம் என்று என் ஊகத்தைச் சொன்னேன். அவரால் சும்மா இருக்க முடியவில்லை. “உம்மாகிட்ட கேட்டுரலாம், நீங்களும் வாங்க” என்று மறுநாளே என்னையும் கூட்டிப் போனார்.

உம்மா கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “உம்மா, எனக்கு மீரான்னு ஒரு அண்ணன் இருந்தாரா?” என்று கேட்டதுதான் தாமதம், எழுந்து வந்து வெங்காயத்தோல் ஒட்டிய விரல்களால் மகனின் வாயைப் பொத்தினார். வாசல் கதவைச் சாத்தினார், ஜன்னலைச் சாத்தினார். அந்த மத்தியான வெயிலிலும் கூடம் இருண்டுபோனது.

மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொன்னார். குழந்தையாக இருந்தபோது ஜமால் அண்ணனுக்குக் கடும் காய்ச்சல். பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், பேரை மாற்றிக் கூப்பிடு என்று யாரோ சொன்னார்களாம். அன்றிலிருந்து பழைய பேரை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. உம்மா மகனின் காதருகே குனிந்தார். “மீரான் நீதான்பா. அந்தப் பேரத் தேடி வந்தது ஆளில்லன்னு திரும்பிப் போச்சு. இப்ப ஏன் கூப்பிடுற?”

படியில் கால்

சில வாரங்கள் ஜமால் அண்ணன் வகுப்புக்கு வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடம் ஒரு தாயைக் கதவைச் சாத்த வைத்துவிட்டதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை புதுக் கதையோடு வந்து நின்றார். உம்மா அழுது தீர்த்துவிட்டு, பகல் நேரத்தில் படி என்று அனுமதி கொடுத்தாராம்.

கதையின் முதல் சொல்லே மீரான். அதை உரக்க வாசித்தார், குரல் உடைந்தது. மறுபடி வாசித்தார். அப்போது கீழே மரப்படியில் காலடி கேட்டது. நிதானமாக ஏறி வந்து கதவருகே நின்றது. சரோஜா அக்காதான் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. கீழே தெரு வெயிலில் மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன.

வகுப்பை நிறுத்திவிடலாமா என்றேன். ஜமால் அண்ணன் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டார். “கதவு தொறந்தே இருக்கட்டும் அக்கா. பேர ஒளிச்சு ஒளிச்சு உம்மா களைச்சுப் போய்ட்டாங்க. வந்தது உக்காந்து கேட்டுட்டுப் போவட்டும் லா.”

ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவர என் படிப்பு எனக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்தது, வந்ததை எங்கே உட்காரவைப்பது என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.