ஊலோங் தேயிலையும் என் தலைப்பூவும்

மல்லிகை மணமூட்டிய நல்ல தேயிலைக்குள் ஓர் இதழ்கூட இருக்காது. பூக்களை இலையோடு சேர்த்து வைப்பார்கள். மணம் இறங்கியதும் பூக்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிந்துவிடுவார்கள். குடிப்பவரின் கண்ணுக்குப் பூ தெரியக்கூடாது. இதை முகாமையாளரிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன். மூன்று தடவையும் அவர் தலையாட்டினார்.

திருகோணமலை உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் சிறிய விருந்தினர் விடுதி அது. பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்த மாதங்களில், காலை ஏழு மணியிலிருந்து மதியம்வரை அங்கே தேநீர் பரிமாறும் வேலைக்குப் போனேன். “இங்கிலீஷ் வரும், வாய் காட்ட வராது. வெள்ளைக்காரருக்கு இப்பிடிப் பிள்ளையளைத்தான் பிடிக்கும்” என்று சேர்ந்த அன்றே முகாமையாளர் சொன்னார். அவர் விடுதி உரிமையாளரின் மைத்துனர், ஐம்பது வயது, எவரையும் கடிந்து பேசாதவர். அவர் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மீதே எரிச்சல் வருகிறது.

விடுதியின் பட்டியலில் ‘மல்லிகைத் தேநீர்’ என்று ஒன்று இருந்தது. கறுப்புத் தூளில் ஏதோ வாசனைத் திரவத்தைத் தெளித்து நூல் கட்டிய பைகளில் அடைத்திருந்தார்கள். வெந்நீர் பட்டதும் முகப்பவுடர் மணம் எழும்பும். அதைத் தட்டில் ஏந்தி, இது எங்கள் ஊர் மல்லிகை என்று நாளுக்குப் பத்துப் பேரிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழக விடுதியறையில் என்னோடு தங்கிப் படித்த மலைநாட்டுத் தோழியின் அண்ணன் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் செய்த ஊலோங் தேயிலையில் ஒரு தகர ரின் அவள் எனக்குத் தந்திருந்தாள். பச்சைத் தேயிலையை வாடவிட்டு, குலுக்கி, ஓரம் சிவக்கத் தொடங்கியதும் சூட்டினால் அதன் போக்கை நிறுத்திவிடுவது ஊலோங். முழுவதும் கறுக்கவிடுவதில்லை. முறுக்கிய இலைகள், கருநீலம் கலந்த பச்சை. அம்மா அதை முதன்முதலாகப் பார்த்தபோது எங்கள் வீட்டு வழக்கப்படி இஞ்சி தட்டிப்போட்டுக் கேத்தலில் பத்து நிமிடம் கொதிக்கவைத்தா.

“என்ன இது, சாயமே இறங்கேல்லை. பழசை அனுப்பிப்போட்டாளோ?” என்றா. பிறகு இன்னும் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டா.

நாங்கள் தேயிலையைச் சாயத்தால் எடைபோடும் மக்கள். கோப்பையின் அடி தெரிந்தால் அது தேத்தண்ணியே இல்லை. மிச்ச இலையைக் காப்பாற்ற அந்த ரின்னை என் புத்தக அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அம்மா சமைக்கும் குசினியின் யன்னலோரம் ஒரு மல்லிகைப் புதர் நிற்கிறது. அதன் மொட்டுகள் கோயிலுக்கு. மணந்து பார்த்த பூவைச் சுவாமிக்கு வைப்பதில்லை. ஆகையால் பறிக்கும்போது மூச்சைக்கூடத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். நானோ எந்த மொட்டு அன்று மாலை விரியும் என்று அறிய ஒவ்வொன்றாக மணந்துகொண்டிருந்தேன்.

“எல்லாத்தையும் எச்சிலாக்கிப் போட்டாய்!”

“மணந்தனான் அம்மா. கடிக்கேல்லை.”

“சாமிக்கு ரெண்டும் ஒண்டுதான். றோட்டுப் பக்கம் பூக்கிறது கோயிலுக்கு, குசினிப் பக்கம் பூக்கிறது உனக்கு. உன்ர பக்கத்தை நீ மோந்து முடி.”

அப்படித்தான் தொடங்கினேன். மாலை நான்கு மணிக்கு, வெள்ளை வைத்து இறுகியிருக்கும் மொட்டுகளை மட்டும் பறிப்பேன். சுளகில் பரப்பி வைத்தால் பொழுதுபடும் வேளையில் வாய் திறக்கத் தொடங்கும். அப்போது இலை ஒரு படை, பூ ஒரு படை என்று அடுக்கி வெள்ளைத் துணியால் மூடுவேன். குவியல் சூடேறினால் ஒருமுறை கிளறிவிட வேண்டும். விடிந்ததும் பூக்களைப் பொறுக்குவேன். பூவின் ஈரத்தையும் இலை குடித்திருக்கும். வெயிலில் காயவைத்தால் மணமும் சேர்ந்து போய்விடும் என்பதால், அடுப்பை அணைத்தபின் எஞ்சும் சூட்டில் இரும்புச் சட்டியை வைத்து, அடியில் உள்ளங்கையைக் கொடுத்துப் பார்த்துப் பார்த்து உலர்த்துவேன். இப்படிப் புதுப் பூக்களோடு மூன்று முறை. இரண்டு தொகுதிகள் பாழாயின. மூன்றாவது தொகுதியில் மூடியைத் திறந்தபோது முதலில் பூவும், அது விலகியபின் வறுத்த தானியம் போன்ற இலையும் தனித்தனியே வந்தன. அன்று நான் ஒருவரோடும் பேசவில்லை. பேசினால் அது கலைந்துவிடும் போலிருந்தது.

விடுதிக்குக் கொண்டுபோய் ஊற்றிக் கொடுத்தேன். முகாமையாளர் அதில் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடித்தார். “நல்லாத்தான் கிடக்கு” என்றார். அடுத்த வாரமே ஒரு செய்தியோடு வந்தார். கொழும்பில் தேயிலை வியாபாரம் செய்யும் மூதூர்க்காரர் ஒருவர் மாதம் ஒருமுறை உம்மாவைப் பார்க்க வருவாராம். வழியில் இங்கே இறங்கிச் சுவைத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறாராம்.

“அவர் ஓம் எண்டு சொன்னால் பின்னறை உனக்குத்தான் பிள்ளை. இலை, பூ, சட்டி எல்லாம் உன்ர பொறுப்பு. தட்டுத் தூக்கத் தேவையில்லை.”

பின்னறை வடக்குப் பார்த்தது. வெயில் நேரே விழாது. நீளமான மேசை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. வேலை முடிந்து போகும்போதெல்லாம் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்து, சுளகு எங்கே, சட்டி எங்கே என்று மனதில் வைத்துப் பழகினேன். எனக்கென்று ஓர் அறையை நான் விரும்பியது அதுவே முதல் தடவை.

சுவைக்கும் நாளுக்கு முதல்நாளே தலை முழுகினேன். எண்ணெய் வைக்கவில்லை, பவுடர் பூசவில்லை. மணம் பார்க்கும் மேசையருகே நிற்பவரிடம் வேறு மணம் இருக்கக்கூடாது. அதையும் முகாமையாளரிடம் சொல்லியிருந்தேன்.

காலையில் அவர் வாசலில் நின்றார். கையில் வாழையிலைப் பொட்டலம். அதற்குள் நெருக்கிக் கட்டிய இரண்டு முழ மல்லிகைச் சரம்.

“இதை வைச்சுக்கொண்டு வா.”

“வேண்டாம் ஐயா. தேத்தண்ணியின்ர மணம் தெரியாமல் போயிடும்.”

“என்ன கதை கதைக்கிறாய்? வாற ஆளுக்கு முன்னால மொட்டைத் தலையோட நிக்கிறதே, செத்தவீடு மாதிரி? மல்லிகைத் தேத்தண்ணி ஊத்துற பிள்ளையின்ர தலையில மல்லிகை இல்லாட்டி ஆர் நம்புவினம்?”

நான் மறுத்திருக்க வேண்டும். மறுப்பதற்கு நான்கு வாக்கியங்கள் என்னிடம் ஒழுங்காக இருந்தன. ஆனால் விருந்தாளி வரும் வீட்டில் பெண்பிள்ளை பூ வைத்து நிற்பது மங்கலம் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கழுத்து, என் வாயைக் கேளாமல் தானே குனிந்துவிட்டது. சரத்தை வைத்துக் குத்தினேன். அந்தக் கணத்தில் மூன்று நாள் வேலையை நானே அழித்தேன்.

வியாபாரிக்கு நாற்பது வயது இருக்கும். தன் கரண்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். உலர்ந்த இலையை உள்ளங்கையில் கொட்டி, விரலால் புரட்டி, “எல நல்ல எல” என்றார். நீரைக் கொதிக்கவிட்டுச் சற்று ஆறவைத்தேன். இலையை ஒருமுறை நனைத்து அந்த நீரைக் கொட்டினேன். பிறகு ஊற்றி மூடினேன். அவர்பக்கம் கோப்பையை நகர்த்தி வைக்க நான் குனிந்தபோது, சரம் தோளால் வழுக்கி அவர் முகத்துக்கு முன்னே வந்து தொங்கியது.

அவர் மூடியை மணந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மணந்தார். கரண்டியால் அள்ளிச் சத்தமாக உறிஞ்சி, துப்பி, கோப்பையைக் கீழே வைத்தார்.

“வாசம் நல்லா இரிக்கி தங்கச்சி. ஆனா அது கோப்பையிலயிருந்து வருதா, உங்கட தலையிலயிருந்து வருதா எண்டு எனக்குச் சொல்ல ஏலா.”

முகாமையாளர் சிரித்தார். “ரெண்டிலயும் வருது! ஒரு காசுக்கு ரெண்டு மல்லிகை!”

வியாபாரி சிரிக்கவில்லை. “நான் இண்டைக்கி அத்தர் கூடப் பூசல்ல” என்றார், என்னிடம். குரலில் கடுமை இல்லை. அதனால்தான் அது அதிகம் சுட்டது. தேயிலையை மணந்து பார்த்து விற்று வாழும் ஒருவர் என் தேயிலைக்காகத் தன் மணத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தத் தேயிலையைச் செய்த நான் இரண்டு முழத்தைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறேன்.

பத்து நிமிடம் தரும்படி கேட்டேன். மூதூர் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது என்றார்.

பின்புறக் குழாயடியில் சரத்தைப் பிய்த்தெறிந்து தலையை நீருக்குள் பிடித்தேன். தலைமயிரைப் பிழிந்து முகத்தருகே கொண்டுவந்தபோது மல்லிகை மணம் முன்னைவிடப் பலமாக எழுந்தது. ஈரத்தில் மணம் கூடும் என்பதை இலையிடம் கற்றிருந்தும் மறந்துபோனேன். இனி நான் அந்த அறைக்குள் நுழைய முடியாது. வேறு எவருக்கும் ஊற்றத் தெரியாது. நான் செய்த தேயிலையை நானே தொட முடியாத நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

வெளிவிறாந்தையைச் சுற்றி, காற்று என்னைத் தாண்டிக் கடல்பக்கம் போகும் யன்னலருகே நின்றேன். நீர் சொட்டச் சொட்ட நின்றபடி, “ஐயா, நீங்கள் ஊத்துங்கோ. நான் சொல்லுறன்” என்றேன்.

“நானோ?” முகாமையாளர் சுற்றிப் பார்த்தார். “நான் வீட்டிலயே ஊத்தினதில்லை.”

“இண்டைக்கு ஊத்துங்கோ. கேத்தலை இறக்குங்கோ. பொறுங்கோ. பொறுங்கோ எண்டு சொன்னனான்!”

அவர் கொதிநீரைச் சரிக்கப் போனவர் திடுக்கிட்டு நிறுத்தினார். என் குரல் அவ்வளவு உயரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“ஆவி குறையட்டும். இப்ப ஊத்துங்கோ. கரண்டியால கலக்காதேங்கோ! கலக்க அதென்ன சீனித் தண்ணியே? மூடுங்கோ. சீனிப் போத்தலிலயிருந்து கையை எடுங்கோ.”

“ஆர் இஞ்ச முகாமையாளர்?” என்று முணுமுணுத்தார்.

“தங்கச்சிட சொல்லக் கேளுங்க” என்றார் வியாபாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இம்முறை அவர் வெகுநேரம் எடுத்தார். இரண்டு தடவை ஊற்றச் செய்தார். பிறகு யன்னலைப் பார்த்துப் பேசினார்.

“பூ வாசம் நல்லா இறங்கிரிக்கி. ஆனா கடசி மொற கூட நேரம் வெச்சிட்டீங்க. அடிநாக்கில அவிஞ்ச பூ ருசி கொஞ்சம் நிக்கிது. அத மட்டும் திருத்துங்க. அடுத்த மாசம் பாத்திட்டு நான் எடுக்கிறன்.”

அவர் போனதும் முகாமையாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மகிழ்ச்சியாக இருந்தார்.

“காரியம் சரி பிள்ளை. பின்னறையைக் குசினிக்காரனிட்டக் குடுக்கிறன். நீ முன்னுக்கு நில். உன்னைப்போல ஒரு பிள்ளை பூவும் வைச்சு நிண்டால்தான் இது விலைப்படும்.”

“பின்னறை எனக்கு எண்டு சொன்னனீங்கள்.”

“இலைக்குள்ள பூவைப் போட்டெடுக்க ஒரு கம்பஸ் பிள்ளை வேணுமே? அதை ஆரும் செய்வினம்.”

ஆரும் செய்வினம். அப்போதுதான் அந்த மூன்று தலையாட்டல்களும் எனக்கு விளங்கின. நான் சொன்ன எதையும் அவர் மறக்கவில்லை, கேட்கவே இல்லை. சற்று நேரத்துக்கு முன் தன் கையாலேயே தடுமாறித் தடுமாறி ஊற்றியும், அதில் அறிவதற்கு ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் படவில்லை.

“நாளையிலிருந்து வரமாட்டன்” என்றேன்.

“இதுக்கேன் கோவம்? வடிவா நிண்டனீ எண்டுதானே சொன்னனான்.”

மேசையிலிருந்த என் ரின்னை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

வீட்டில் இரண்டு தடவை சீயக்காய் தேய்த்து முழுகினேன். மூன்றாம் நாள், காலையிலேயே எல்லா மொட்டையும் பறித்து அம்மாவோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு, குசினி யன்னலை அடைத்துக்கொண்டு தனியே ஊற்றிச் சுவைத்தேன். அந்த அவிந்த ருசி அங்கே இருந்தது. மெல்லியது, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாதது. இதுவரை பூத்த புதரின் பக்கத்திலேயே நின்று சுவைத்ததால் நானும் அதை அறியவில்லை. வியாபாரி சரியாகவே சொன்னார். அந்தத் தவறு என்னுடையது. அதை முதலில் கண்டுபிடிக்கும் உரிமையும் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அதற்காக மாத்திரம் என்னால் யாரையும் மன்னிக்க முடியவில்லை, என்னையும்கூட.

அடுத்த தொகுதியில், மூன்றாம் முறை பூக்களை விடியும்வரை விடவில்லை. இதழோரம் நிறம் மாறத் தொடங்குமுன் பொறுக்கினேன். சிறிய ரின்னொன்றில் அடைத்து, மூடியில் என் பெயரையும் கைபேசி இலக்கத்தையும் எழுதி, மூதூர் பஸ்ஸில் நானே கொண்டுபோய் வியாபாரியின் உம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வியாபாரி இன்னும் ஊருக்கு வரவில்லை. என்ன சொல்வாரோ தெரியாது.

நேற்று முகாமையாளர் தொலைபேசியில் அழைத்தார். மலைநாட்டிலிருந்து ஊலோங் தருவித்திருக்கிறார். குசினிக்காரர் பூவைப் போட்டு எடுத்திருக்கிறார். ரின்னுக்குள் எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

“பிள்ளை, பூவை எடுத்தாப்பிறகு இலையை நீ என்ன செய்யிறனீ? உனக்குத் தெரியும்தானே?”

“ஓம், தெரியும்” என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தேன்.